கேட்பவருக்குள் ஓடும் பேச்சு

ஒரு மகளும் அப்பாவும் பேசிக்கொள்கிறார்கள்.

“அப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையேம்மா.”

“ஒண்ணும் பண்ணாதுப்பா, அதுதான் ஆபத்தே. திடீர்னு பக்கவாதம் வரலாம்னு டாக்டர் சொன்னாரில்ல?”

“சரிம்மா, சரி.”

மறுநாள் பார்த்தால் மாத்திரை அட்டை தொட்ட மாதிரியே இல்லை. மகள் சொன்னதில் தவறு எதுவும் கிடையாது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. பக்கவாத அபாயத்தைக் கூட்டும். அப்புறம் ஏன் பலிக்கவில்லை? அந்த அரை நிமிடத்தில் இரண்டு பேச்சுகள் நடந்தன. ஒன்றை மகள் பேசினாள். இன்னொன்றை அப்பா தனக்குள்ளேயே பேசிக்கொண்டார்: ‘ஒரு தடவை ஆரம்பிச்சா வாழ்க்கை பூரா விழுங்கணும். மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வரத்தானே செய்யுது.’ காதில் விழுந்ததை விட மனசுக்குள் ஓடியதுதான் அவரை முடிவெடுக்க வைத்தது.

இணங்க வைத்தலை ஆய்வு செய்பவர்கள் இந்த இரண்டாவது பேச்சைக் கண்டுகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லண்ட் தலைமையில் பெரிய அளவில் சோதனைகள் நடந்தன. பாடம் கற்பது போலத்தான் இதுவும் என்பது அப்போதைய எண்ணம்: செய்தியைக் கவனி, புரிந்துகொள், நினைவில் வை, மனம் மாறும். ஆனால் ஒருவர் செய்தியை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்கும் அவர் மனம் மாறியதற்கும் உறவு வலுவாக இல்லை. கேட்கும்போது தனக்கு என்னென்ன தோன்றியது என்பதோடுதான் மாற்றம் ஒட்டிப்போகிறது என்று 1968இல் அந்தோனி கிரீன்வால்ட் எடுத்துக்காட்டினார். பேசுபவரின் சொற்கள் விதை மாதிரி. முளைப்பது கேட்பவரின் சொந்த எண்ணங்கள்.

இதை நேராகச் சோதித்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 1976இல் ரிச்சர்ட் பெட்டியும் சக ஆய்வாளர்களும் மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் பற்றிய பேச்சைக் கேட்கக் கொடுத்தார்கள். கூடவே ஒரு வேலை: திரையில் அவ்வப்போது மின்னும் பெருக்கல் குறி எந்த மூலையில் வருகிறது என்று குறிக்க வேண்டும். கவனம் சிதறினால் எந்தப் பேச்சும் எடுபடாது என்றுதானே நினைப்போம்? வலுவான வாதங்கள் கொண்ட பேச்சுக்கு அப்படித்தான் ஆனது, இணக்கம் குறைந்தது. ஆனால் சொத்தையான வாதங்கள் கொண்ட பேச்சு, கவனம் சிதறியபோது முன்பை விட நன்றாகவே எடுபட்டது! காரணம் எளிது. சொத்தை வாதம் காதில் விழுந்ததும் உள்ளே ‘அது எப்படி?’ என்று ஒரு குரல் எழ வேண்டும். அந்தக் குரலைப் பெருக்கல் குறி அடக்கிவிட்டது. நல்ல வாதத்துக்கு உள்ளே ‘ஆமாம்ல’ என்று எழ வேண்டிய குரலையும் அதே குறிதான் அடக்கியது.

சரி, சிதறல் இல்லாதபோது எல்லோரும் இப்படி எடைபோட்டுத்தான் கேட்கிறார்களா? இல்லை. 1981இல் பெட்டி, ஜான் கேசியோப்போ, கோல்ட்மன் மூவரும் சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார்கள். பட்டம் வாங்கும் முன் எல்லோரும் ஒரு பெரிய பொதுத்தேர்வு எழுத வேண்டும் என்ற யோசனையை மாணவர்களிடம் வைத்தார்கள். சிலரிடம் அடுத்த ஆண்டே வரப்போகிறது என்றார்கள். சிலரிடம் 10 ஆண்டுகள் கழித்து என்றார்கள். வாதங்கள் சிலருக்கு வலுவானவை, சிலருக்குச் சொத்தை. சொன்னது யார் என்பதையும் மாற்றினார்கள்: ஒருபக்கம் உயர்கல்வி வல்லுநர் குழு, இன்னொரு பக்கம் ஒரு பள்ளி வகுப்பு. தேர்வு தன் தலையில் விழப்போகிறது என்று நினைத்த மாணவர்கள் வாதத்தின் தரத்தைப் பார்த்தார்கள். நமக்கில்லை என்று நினைத்தவர்கள் யார் சொன்னது என்று பார்த்துத் தலையாட்டினார்கள். மனித மனசுக்குச் சோம்பல் என்று இதை வைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காதில் விழும் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க யாருக்கும் நேரம் போதாது. எங்கே உரசிப் பார்ப்பது, எங்கே ஆளை நம்பிப் போவது என்று மனசு பங்கு பிரித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சொற்கலையைக் கற்பித்த பழைய ஆசிரியர்களுக்குச் சோதனைக்கூடம் கிடையாது. ஆனாலும் கேட்பவரின் பங்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்பு சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு உண்டு. மூன்றாவது உறுப்பைக் கவனியுங்கள். தர்க்கக் கணக்குக்குப் பொதுவிதியே போதும். அடுக்களை எதற்கு? புகையையும் நெருப்பையும் சேர்ந்தே பார்த்த அனுபவம் கேட்பவரிடம் இருக்கிறது, அதைத் தொட்டு எழுப்பத்தான். அரிஸ்டாட்டில் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறார். மேடைப் பேச்சில் வாதத்தின் எல்லாப் படிகளையும் சொல்லத் தேவையில்லை, தெரிந்த படியைக் கேட்பவரே போட்டுக்கொள்வார் என்கிறார். தானே போட்ட படியோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

உள்ளே ஓடும் பேச்சை முன்கூட்டியே பழக்கவும் முடியும். 1960களின் தொடக்கத்தில் வில்லியம் மக்குவையர், ‘ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் பல் துலக்க வேண்டும்’ மாதிரி யாருமே கேள்வி கேட்காத நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டார். ஒரு குழுவுக்கு அந்த நம்பிக்கையை ஆதரிக்கும் காரணங்களை மட்டும் கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு எதிர்வாதங்களைச் சின்ன அளவில் காட்டி, அவற்றுக்குப் பதிலும் கொடுத்தார். பிறகு வலுவான எதிர்ப்பேச்சு வந்தபோது முதல் குழு எளிதில் ஆட்டம் கண்டது. இரண்டாவது குழு தாக்குப்பிடித்தது. முன்பு காட்டாத புதிய எதிர்வாதங்களுக்குக்கூட அவர்கள் ஈடுகொடுத்தார்கள். தடுப்பூசியின் வேலையேதான். பிள்ளைகளுக்குச் சரியான கருத்தை மட்டும் ஊட்டி வளர்த்தால் போதும் என்று நினைக்கும் பெரியவர்களிடம் எனக்கு இருக்கும் கவலை இதுதான். எதிர்க்குரலே கேட்காமல் வளர்ந்த நம்பிக்கை முதல் காற்றிலேயே சாயும்.

அடுத்தவர் காரணத்தைக் கேட்பதை விட, தானே காரணம் தேடினால் என்ன ஆகும்? 1950களில் இர்விங் ஜானிஸும் பெர்ட் கிங்கும் இதைப் பார்த்தார்கள். தனக்கு உடன்பாடில்லாத கருத்தை ஆதரித்துப் பேசச் சொன்னபோது, எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தவர்களை விட, தாமே காரணங்களை யோசித்துப் பேசியவர்கள் அந்தக் கருத்தின் பக்கம் அதிகம் நகர்ந்தார்கள்.

2016இல் டேவிட் புரூக்மனும் ஜோஷ்வா கல்லாவும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகப் போய்ப் பேசி மனம் மாறுகிறதா என்று பார்த்தது, இதன் நீட்சி என்றே நான் நினைக்கிறேன். இதே மாதிரி வீடு வீடாகப் போய்ப் பேசுவது பற்றி முன்பு வந்த ஒரு ஆய்வு, தரவு நம்பத்தக்கதல்ல என்று 2015இல் திரும்பப் பெறப்பட்டிருந்தது. அந்தக் கோளாறுகளை வெளிக்கொண்டுவந்ததிலும் இவர்கள் இருவருக்கும் பங்குண்டு. ஆகவே தாங்களே ஒழுங்காகச் சோதித்தார்கள். பேசப் போன 56 பேரும் வாக்காளர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, திருநர் பற்றிச் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். 501 வாக்காளர்கள் ஆய்வில் இருந்தார்கள். பேசப் போனவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ‘நீங்கள் வித்தியாசமாக இருப்பதாகச் சொல்லி யாராவது உங்களை மட்டம் தட்டியிருக்கிறார்களா?’ என்று கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டார்கள். வெறுப்பு குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது.

மருத்துவத்தில் இதற்கென்று ஒரு பேச்சுமுறையே இருக்கிறது. குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு பேசும் வழியாக வில்லியம் மில்லர் 1983இல் எழுதியது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்துகொண்டார். அதில் வரும் ஒரு கேள்வி வேடிக்கையாகத் தலைகீழாக இருக்கும். இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 10க்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். அவர் 4 என்றால், ‘ஏன் 9 இல்லை?’ என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால் அவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அடுக்குவார், அவர் பேச்சை அவரே நம்பிவிடுவார்.

அந்த மகள் இன்னொரு நாள் இப்படிக் கேட்கலாம்.

“மாத்திரை போடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்ப்பா? பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?”

“ம்... ஒரு நாலு.”

“ஏன் ஒண்ணு இல்லாம நாலு?”

அப்பா கொஞ்ச நேரம் அட்டையையே பார்க்கிறார். “இல்லம்மா... கையும் காலும் நல்லா இருக்கும்போதே பார்த்துக்கணும்ல. அப்புறம் உங்களுக்குத்தானே கஷ்டம்.”