மூண்டு குழல் துவக்கு: சூடேறினா குறி ஏன் மேல போகுது?

கந்தளாய், தம்பலகாமம் பக்கம் ராவில வயல் காவலுக்கு நிக்கிற ஆக்களிட்ட இருக்கிறது பெரும்பாலும் லைசன்ஸ் எடுத்த 12 போர் சொட்கன்தான், அதாவது சின்ன ஈயக் குண்டுகளக் கூட்டமா அடிக்கிற துவக்கு, அதுக்கு முந்தின தலைமுறை எண்டா வாய்ப்பக்கத்தால மருந்தும் குண்டும் இடிச்சு நிரப்புற இடியன் துவக்கு. ரெண்டுக்கும் ஒரே குணம், கிட்ட எண்டா நல்லா வேலை செய்யும், 40 மீட்டர் தாண்டினா ஒண்டும் நம்ப ஏலாது. தூரத்துக்கு றைபிள் வேணும், ஆனா றைபிளால பறக்கிற பறவைய அடிக்க ஏலாது. அப்ப ரெண்டையும் ஒண்டாச் சேர்த்தா என்ன எண்டு ஜேர்மனியிலயும் ஒஸ்ரியாவிலயும் நூறு வருசத்துக்கு முந்தியே செஞ்சு காட்டிட்டாங்க. சூல், ஃபெர்லாக் எண்டு ரெண்டு ஊர், துவக்கு செய்யிறதுக்கே பேர் போனது, அங்க செய்யிறதுதான் ட்ரில்லிங் எண்டுற மூண்டு குழல் துவக்கு. மேல பக்கத்துப் பக்கத்தில ரெண்டு சொட்கன் குழல், கீழ நடுவில ஒரு றைபிள் குழல். எனக்கு வேட்டையில ஆசை இல்ல, மானும் மரையும் நம்மட நாட்டில சட்டப்படி பாதுகாத்த மிருகங்கள், அது அப்பிடியே இருக்கட்டும். ஆனா இந்த இயந்திரத்துக்குள்ள இருக்கிற அறிவியல் சரியான வடிவு, அதைத்தான் எழுதப்போறன்.

முதல்ல ஏன் ஒரே குழலால ரெண்டு வேலையும் செய்ய ஏலாது எண்டு பாப்பம். றைபிள் குழலுக்குள்ள முறுக்கு முறுக்கா காடி வெட்டியிருக்கும், ரவை அதில சுழண்டு வெளிய வரும், பம்பரம் சுத்திற வரைக்கும் விழாம நிக்கிற மாதிரி சுழலுற ரவையும் மூக்கு முன்னால பாத்தபடியே போகும். அதே குழலுக்குள்ளால சின்னச் சின்ன ஈயக் குண்டுகளப் போட்டு வெடிச்சா அந்தச் சுழற்சியே எதிரி, குழல விட்டு வெளிய வந்த உடன குண்டுகள் எல்லாம் பக்கவாட்டில சிதறி நடுவில வெறும் ஓட்டையா ஒரு வளையம்தான் மிஞ்சும். அதால சொட்கன் குழல் உள்ள வழுவழுப்பா இருக்கவேணும், நுனியில ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுக்கி விடுவாங்க, குண்டுகள் கொஞ்சம் தூரம் கூட்டமாப் போறதுக்காக.

அழுத்தமும் வேற வேற. 12 போர் எண்டா குழல் அளவுக்கு உருட்டின 12 ஈயக் குண்டு சேர்ந்து ஒரு றாத்தல், அதாவது உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய குழல், ஆனா சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கிற உச்ச அழுத்தம் 740 பார்தான் (ஒரு பார் எண்டா கிட்டத்தட்ட நம்மளச் சுத்தியிருக்கிற காத்தின்ட அழுத்தம்). ட்ரில்லிங்கில போடுற 9.3x74ஆர் எண்டுற றைபிள் தோட்டாவுக்கு 3,400 பார். நாலரை மடங்கு! அதால றைபிள் குழல் சின்ன ஓட்டையும் தடிச்ச சுவருமா இருக்கும், சொட்கன் குழல் பெரிய ஓட்டையும் மெல்லிய சுவருமா இருக்கும், மூண்டையும் சேர்த்தாலும் துவக்கு மூண்டு மூண்டரைக் கிலோவுக்குள்ள நிக்கிறது இதாலதான். அந்தத் தோட்டா பேரில வாற ஆர் எழுத்து, அடியில விளிம்பு வச்ச தோட்டா எண்டு காட்டுது. மடிச்சுத் திறக்கிற துவக்கில வெடிச்ச கோதை வெளிய இழுக்கிறதுக்கு அந்த விளிம்புதான் பிடி.

மூண்டு குழல், ஆனா ட்ரிகர் ரெண்டுதான். இது எனக்கு மிச்சம் பிடிச்ச இடம். கைபிடிக்கு மேல பெருவிரல் படுற இடத்தில ஒரு சின்னத் தள்ளு பட்டன் இருக்கும், அது பின்னால நிக்கிற வரைக்கும் முன் ட்ரிகர் வலது சொட்கனுக்கு, பின் ட்ரிகர் இடது சொட்கனுக்கு. பட்டன முன்னால தள்ளினா உள்ளுக்க ஒரு நெம்புகோல் நகர்ந்து முன் ட்ரிகர் றைபிள் குழலுக்கு மாறும், அதே அசைவில குழலுக்கு மேல படுத்துக் கிடந்த பின்குறி, அதாவது குறி பாக்கிற சின்னத் தகடு, தானா எழும்பி நிக்கும். எந்தக் குழல் தயாரா இருக்கு எண்டு பாத்துத் தேடத் தேவையில்ல, குறி எழும்பியிருந்தா றைபிள், படுத்திருந்தா சொட்கன். பற்றரி இல்ல, வயர் இல்ல, ஒரு விரல் அசைவுதான்.

சரி, இனி வில்லங்கத்துக்கு வருவம். மூண்டு குழலையும் நீளத்துக்கு ஈயம் பத்தி ஒட்டித்தான் பழைய துவக்குகள் செய்யிறது. றைபிள் ஒரு வெடி வச்ச உடன அந்தக் குழல் மட்டும் சூடாகும், மற்ற ரெண்டும் குளிரா இருக்கும். இரும்பு, சூடு 1 பாகை செல்சியஸ் கூடினா, தன்ட நீளத்தில 10 லட்சத்தில 12 பங்கு நீளும். 60 சென்ரிமீட்டர் குழல் 5 பாகை கூடச் சூடானா நீளுறது 0.036 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஆனா அது தனிய நீள விடாம மேல இருக்கிற குளிர்ந்த குழல்கள் பிடிச்சு வச்சிருக்குதே, அப்ப என்ன நடக்கும், கீழ நீளம், மேல கட்டை, முழுக் குழலும் மேல்பக்கமா வளையும். குழல் நுனி 1 மில்லிரேடியன் எண்டுற சின்னக் கோணம் திரும்பினாலே 100 மீட்டரில 10 சென்ரிமீட்டர் தள்ளிப் படும். அதால றைபிள் குழல் கீழ இருக்கிற துவக்கில அடுத்தடுத்து வெடி வச்சா ஒவ்வொண்டும் முந்தினதுக்கு மேல மேல ஏறிப் போகும். இத தவிர்க்கிறதுக்குத்தான் இப்ப செய்யிற சில துவக்குகளில பின்பக்கம் மட்டும் குழல்கள இணைச்சு, முன்பக்கம் நழுவ இடம் விட்டுச் செய்யிறாங்க, சூடான குழல் தன்பாட்டில நீளலாம்.

வெடியே வைக்காமலும் இது நடக்கலாம். உப்புவெளி வெயில்ல கறுத்த இரும்பு கொஞ்ச நேரம் கிடந்தா மேல்பக்கம் கொதிக்கும், கீழ்ப்பக்கம் நிழல், அப்ப வளைவு எதிர்ப்பக்கமா வரும். இது சின்னத் துவக்குக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல, யுத்த டாங்கிகளின்ட பெரிய குழலுக்கு மேல ஒரு உறை சுத்தியிருக்கிறதப் படங்களில பாத்திருப்பீங்க, வெயிலும் காத்தும் ஒரு பக்கமாச் சூட்ட மாத்தி குழல வளைக்காம இருக்கத்தான் அது.

ஆகவே இது முதல் வெடிக்கான துவக்கு. ஜேர்மன் காட்டில ஒரே நாளில முயலும் வரும், பெசன்ட் பறவையும் வரும், பன்றியும் வரும், எது வருமெண்டு முதலே தெரியாது, வந்ததுக்கு ஏத்த ஒரு வெடி, அவ்வளவுதான் தேவை. அங்க இது நூத்துக்கு நூறு பிரயோசனம். 1941இல ஜேர்மன் விமானப்படை சாவர் கொம்பனியின்ட எம்30 ட்ரில்லிங்க வட ஆபிரிக்காவில பறக்கிறவங்களுக்குக் குடுத்ததும் இந்தக் கணக்கிலதான், பாலைவனத்தில விழுந்தா எது கிடைக்குதோ அதச் சுட்டுச் சாப்பிடுறதுக்கு.

விண்வெளிக்கும் போயிருக்கு. 1965 மார்ச்சில சோவியத் விண்வெளி வீரர்கள் லியோனவும் பெல்யாயவும் வந்த வொஸ்கோட் 2 கலம் குறிச்ச இடத்த விட்டுத் தள்ளி ஊரல் பக்கத்துப் பனிக்காட்டில இறங்கிட்டுது, ஓநாயும் கரடியும் திரியிற காடு, ரெண்டு ராவு அங்கதான். அந்த அனுபவத்துக்குப் பிறகு சோவியத் ஆக்கள் டிபி-82 எண்டு விண்வெளி வீரர்களுக்கெண்டே ஒரு மூண்டு குழல் கைத்துப்பாக்கி செஞ்சாங்க. மேல ரெண்டு வழுவழுப்பான 12.5 மில்லிமீட்டர் குழல், கீழ 5.45 மில்லிமீட்டர் றைபிள் குழல், கழட்டக்கூடிய பின்கட்டையே ஒரு வெட்டுக்கத்தி. 1986இல இருந்து சோயுஸ் கலங்களில போய் வந்தது.

நம்மட பக்கத்துக்கு இது பொருந்துமா எண்டு கேட்டா, என்ட அபிப்பிராயம் பொருந்தாது. மூதூர், வெருகல் பக்கத்துப் பத்தைக் காட்டில கண்ணுக்குத் தெரியிற தூரமே 30, 40 மீட்டர், அந்தத் தூரத்துக்கு எஸ்.ஜி. எண்டுற பெரிய ஈயக் குண்டுத் தோட்டா போட்ட சாதாரண 12 போரே காணும், றைபிள் குழல் சும்மா சுமைதான். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசன்ஸ் குடுக்கிறதும் சொட்கனுக்குத்தான். அதுக்கு மேல கடல் காத்து. குழல்கள் சேருற இடத்தில நீளத்துக்கு ஒரு மெல்லிய பட்டி வச்சு மூடியிருக்கும், ஈயப்பத்து ஒரு இடத்தில விட்டுட்டா உப்பு ஈரம் அதுக்குள்ள போய் உள்ளுக்குள்ளேயே கறள் தின்னும், எண்ணெய்த் துணி அங்க போகாது, வெளிய பாத்தா பளபளப்பா இருக்கும். அதைக் கண்டுபிடிக்க துவக்கு திருத்திறவங்க ஒரு பழைய வழி வச்சிருக்கிறாங்க, வெறும் குழலக் கழட்டி கொக்கியில தொங்கவிட்டு விரல் மொழியால மெல்லத் தட்டுவாங்க, கணீரெண்டு நீண்டு கேட்டா பத்து நல்லா இருக்கு, நறநறத்தா எங்கயோ பட்டி விட்டிட்டுது, திரும்பப் பத்தித்தான் ஆகவேணும்.