‘தரிசு’ என்று எழுதுவதற்கு முன்

கைவிடப்பட்ட கல்குவாரிகள், சுரங்கக் கழிவு கொட்டிய மேடுகள், ரயில் ஓடாமல் போன தண்டவாள நிலங்கள் ஆகியவற்றில் என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பது என் தொழில். அந்த இடங்களைப் பற்றி எனக்கு வரும் கோப்புகளின் முதல் வரியிலேயே பெரும்பாலும் ‘தரிசு’ என்றோ ‘புதர் மண்டிய நிலம்’ என்றோ எழுதியிருக்கும். கணக்கெடுத்து முடித்த பின்னும் அந்தச் சொல் பொருந்திய இடங்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மனிதக் கை பட்டு மண்ணும் நீரோட்டமும் மாறிப்போன ஓரிடத்தில், வேற்று நிலங்களிலிருந்து வந்த இனங்களும் அந்த மண்ணுக்கே உரிய இனங்களும் முன்பு எங்கும் இல்லாத சேர்க்கையில் கூடி, யாருடைய பராமரிப்பும் இன்றித் தாமாகவே நிலைத்துவிடுவதைச் சூழலியலாளர்கள் ‘புதுச் சூழல் தொகுதி’ என்கிறார்கள். 2006-இல் ரிச்சர்ட் ஹாப்ஸும் பிற ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாக விவாதிக்கப்பட்டது. பராமரிப்பை நிறுத்தினால் நிலைக்காத வயலும் தோப்பும் இந்த வகையில் சேரா.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு போர்ட்டோ ரிக்கோ. கரும்புக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை இழந்த அந்தத் தீவில், 1940-களில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில்கூடக் காடு இல்லை. பின்னர் உழவர்கள் தொழிற்சாலை வேலைகளுக்குப் போனபோது, கைவிடப்பட்ட வயல்களில் முதலில் காடாக எழுந்தவற்றுள் முக்கியமானது ஆப்பிரிக்கத் துலிப் மரம். அந்நிய மரம் தீவையே விழுங்கிவிடும் என்ற அச்சம் இயல்பானதுதான். ஆனால் ஏரியல் லூகோ முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்ததில் வேறொன்று தெரிந்தது. சத்து உறிஞ்சப்பட்டுப் புல் அடைத்துக்கிடந்த நிலத்தில் முளைக்க முடியாத தீவின் சொந்த மரங்கள், அந்த அந்நிய மரத்தின் நிழலில், அது உதிர்த்த இலைக்குப்பையில், பறவைகளும் வௌவால்களும் கொண்டுவந்து போட்ட விதைகளிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. அப்போதும் பழைய காடு அப்படியே மீளவில்லை. இரண்டும் கலந்த ஒரு காடே உருவானது. ஆயினும் மண்ணைப் பிடித்து நிறுத்துவது, மழைநீரை உள்ளே இறக்குவது, விலங்குகளுக்கு இடம் தருவது ஆகிய வேலைகளை அது செய்கிறது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள கேன்வி விக் இதற்கு நேர் எதிரான பாடம். தேம்ஸ் ஆற்றில் தூர்வாரிய மணலைக் கொட்டி மேடாக்கி, அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றைக் கட்டத் தொடங்கி, 1970-களில் அது இயங்காமலேயே கைவிட்டார்கள். மண்ணில் சத்து இல்லாததால் புல் அடர்த்தியாகப் படரவில்லை. அந்த இடைவெளிகளில் காட்டுப் பூக்கள் நெடுங்காலம் பூத்தன. வெயிலில் சூடேறும் வெறும் மணல், தேனீக்களும் குளவிகளும் வளை தோண்டி முட்டையிட ஏற்றதாயிற்று. 2005-இல் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததற்கு முதன்மைக் காரணம் அங்குள்ள பூச்சிகளும் பிற முதுகெலும்பற்ற உயிரினங்களுமே. நல்ல எண்ணத்தோடு வளமான மண்ணைக் கொண்டுவந்து பரப்பி மரம் நட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும். ‘பசுமையாக்கல்’ என்ற பெயரில் வரும் திட்டங்களைச் சற்றுச் சந்தேகத்தோடு நான் படிப்பது இதனால்தான்.

ஒரு தவறு என்னுடையது. தொழிலில் சேர்ந்த புதிதில், பழைய குவாரிச் சரிவு ஒன்றைக் கோடையில் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு, அங்கிருந்தவை பெரும்பாலும் அந்நியப் புதர்கள் என்பதால் அவற்றை அகற்றலாம் என்று பரிந்துரைத்தேன். அகற்றினார்கள். அடுத்த மழையில் சரிவின் மண் கரைந்து, தவளைகள் முட்டையிட்டுவந்த குவாரிக் குட்டையைச் சேறாக்கியது. அந்தப் புதர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அறிந்திருந்த நான், அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கத் தவறியிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு எந்தக் காட்டையும் அழிக்கலாம், வேறொன்று தானாக முளைத்துவிடும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இந்தக் கருத்தே அழிவுக்கு உரிமம் தந்துவிடும் என்று சூழலியலாளர்கள் சிலர் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. தொன்மையான காடுகளில் மட்டுமே வாழும் இனங்கள் பல, இத்தகைய புது இடங்களுக்கு ஒருபோதும் வருவதில்லை. புது இடங்களையும் எப்போதும் அப்படியே விட்டுவிட முடியாது. பெர்லினில் 1952-இல் மூடப்பட்ட, சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ரயில் வளாகம் ஒன்று இன்று சூட்கெலண்டே இயற்கைப் பூங்கா. அங்கே வட அமெரிக்க ரொபீனியா மரம் தன் வேர்முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தைக் கூட்டியபடி பரவுகிறது. மெலிந்த மண்ணையே விரும்பும் அரிய புல்வெளிச் செடிகளுக்கு அது பகை. ஆகவே ஒரு பகுதியைக் காடாக வளர விட்டு, புல்வெளிகளை மேய்ச்சலாலும் அறுப்பாலும் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

இப்போது எந்த நிலத்தின் செடிகொடிகளை அகற்றச் சொல்லிக் கோப்பு வந்தாலும், குறைந்தது ஈரக்காலத்தில் ஒரு முறையும் வறண்ட காலத்தில் ஒரு முறையும் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. எது பூக்கிறது, அதை எது நாடி வருகிறது, மழைநீர் எங்கே இறங்குகிறது, நிழலடியில் எந்த நாற்று முளைத்திருக்கிறது என்ற நான்கையும் எழுதிய பிறகே, அந்தச் செடி எங்கிருந்து வந்தது என்ற பத்தியை நிரப்புகிறேன்.