சென்சார் வாங்கும் முன்: அல்காரிதத்திடம் என்ன கேட்டார்கள்?

ஓணம் நெருங்கினால் பாலக்காட்டு எல்லையிலுள்ள மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால் டேங்கர்கள் வரிசை கட்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைக் கேரளப் பால்வளத் துறை அங்கே சோதிக்கிறது. ஒளியியல் சென்சார் வடிவமைப்பது என் வேலை என்பதால், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பால் சொசைட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது இதுதான்: "சார், அஃப்ளடாக்சினை உடனே காட்டுற லைட் சென்சார் வந்திடுச்சாமே, வாங்கலாமா?"

கவலை நியாயமானது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ மாடு தின்றால், அதிலுள்ள அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு.

சென்சாரின் அடிப்படை எளிது. கண்ணாடிப் பட்டகத்தின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் பூச்சு. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் லேசர் பட்டால் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியை வாங்கிக்கொள்ளும், திரும்பி வரும் ஒளி சட்டென்று மங்கும். தங்கத்தின்மேல் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். 1968-இல் கிரெட்ச்மன் காட்டிய அமைப்பு இது.

இதை வடிவமைக்கும்போது முடிவு செய்ய வேண்டியவை: தங்கம் எவ்வளவு, அடியில் குரோமியம் எவ்வளவு, வெள்ளி சேர்க்கலாமா, மேலே கிராஃபீன் (ஓரணுத் தடிமன் கரித்தாள்) எத்தனை அடுக்கு, எந்தக் கண்ணாடி, எந்த அலைநீளம் என்று ஆறு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 50 வாய்ப்பு வைத்தாலே 1,562 கோடி சேர்க்கைகள். அத்தனையையும் கணக்குப் போட முடியாது. இங்கேதான் ஜான் ஹாலந்து 1975-இல் நூலாக எழுதிய ஜெனடிக் அல்காரிதம் கைகொடுக்கிறது. சில வடிவமைப்புகளை இஷ்டத்துக்கு எடுத்து, மதிப்பெண் போட்டு, தேறியதைக் கலந்து, அங்கங்கே கொஞ்சம் மாற்றி, அடுத்த தலைமுறையை உண்டாக்கும். மாட்டு இனவிருத்திதான். கறவையை மட்டும் பார்த்து இனம் சேர்த்தால் பாலக்காட்டு ஏப்ரல் வெயிலைத் தாங்காத மாடுதானே வரும்?

உணர்திறனை, அதாவது கோணம் எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள், அல்காரிதமும் அப்படியே செய்யும். கோணம் நிறைய நகரும், ஆனால் மங்கும் இடம் அகலமாகி அதன் நடுப்புள்ளியே தெரியாது. அதனால் உணர்திறனை அகலத்தால் வகுத்த மதிப்பைத்தான் கேட்க வேண்டும். அது போதுமா என்றால் போதாது. திரையில் தங்கத்தின் தடிமன் 47.3 நானோமீட்டர் என்று வரும். பூச்சு இயந்திரம் ஓரிரு நானோமீட்டர் இப்படி அப்படிப் போகும். வெள்ளிக்குக் கூர்மையான வளைவு கிடைக்கும், காற்றில் கருத்துவிடும். என் வழக்கம், ஒவ்வொரு வடிவமைப்பையும் தடிமனை லேசாகக் குலுக்கிப் பார்த்து, மோசமான மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வது. ஒன்றுக்கொன்று இழுபறியாக இருக்கும் இலக்குகளுக்கு, ஐஐடி கான்பூரில் கல்யாண்மாய் தேபும் சகாக்களும் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்ற ஜெனடிக் அல்காரிதம் நல்ல கருவி. ஒரே விடைக்குப் பதில் சமரசங்களின் பட்டியலைத் தரும். தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு.

அப்புறம் கட்டுரைகளில் வரும் பிரமாண்ட எண்கள். பெரும்பாலும் அவை தங்கத்தின்மேல் உள்ள திரவம் முழுவதன் ஒளிவிலகல் எண்ணை (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதை) மாற்றிக் கணித்தவை. எம்1 மூலக்கூறோ வெறும் 328 டால்டன் எடைதான், மிகச் சிறியது. நேராக ஒட்டினால் கோணம் அசைவதே தெரியாது. எம்1-ஐ நேராக அளக்காமல், அது தடுத்துவிடும் பெரிய மூலக்கூறின் ஒட்டலை அளக்கும் போட்டி முறைச் சோதனையாக மாற்றினால்தான் பிடிபடும். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதமும் கொழுப்பும் கேட்காமலே தங்கத்தில் வந்து ஒட்டும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 0.0001 நகரும், நல்ல கருவிகள் அளக்கும் நுண்ணிய மாற்றத்தைவிட அது நூறு மடங்கு.

சரி, வாங்கலாமா? விற்பவர் சிமுலேஷன் படம் காட்டினால், எதற்கு மதிப்பெண் போட்டு இந்த வடிவமைப்பைத் தேர்ந்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் சொசைட்டிப் பாலில், மதியம் இரண்டு மணிக்கு, உங்கள் கட்டடத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதே பால் மாதிரியை ஆய்வகத்தில் செய்யும் எலைசா சோதனைக்கும் அனுப்பி ஒப்பிடுங்கள். அதுவரை கையிலிருக்கும் ஸ்ட்ரிப் கிட்டை (பாலில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையை) தூக்கிப் போட வேண்டாம்.