சுடுவது தெரியாத கால்களோடு ஊர் சுற்றும்போது

திருகோணமலையில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம் இருக்கும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு அம்மாவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டியவர். கோலாலம்பூரில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் ஈரம்.

"நோகவே இல்லை டொக்டர். நோகாத காயத்துக்கு என்னத்துக்கு ஓடி வாறது எண்டு இருந்திட்டன்" என்றார்.

அங்கே எங்கெல்லாம் நடந்தீர்கள் என்று கேட்டேன். ஒரு நாளை மட்டும் ஆசை ஆசையாகச் சொன்னார். காலையில் ரயிலேறி பத்துமலை. 42.7 மீற்றர் உயர முருகனை அண்ணாந்து பார்த்துவிட்டு 272 படியும் ஏறியிருக்கிறார். படிகளில் செருப்போடு ஏறலாம், சன்னதிக்கு முன்னால் கழற்றினால் போதும். ஆனால் இவருக்கு நேர்த்தி, அதனால் கீழிருந்தே வெறுங்கால். இறங்கி வரும்போது வெயில் ஏறிவிட்டது. மதியம் பெட்டாலிங் தெரு. நடக்க மெத்தென்று இருக்கும் என்று கடைக்காரர் சொல்ல, புதுச் சப்பாத்து வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டார். பக்கத்தில் 1873இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில், பிறகு சென்ட்ரல் மார்க்கெட், பொழுதுபட்டதும் இரட்டைக் கோபுரம். வீட்டுக்குப் போனபோது இரவு பத்து மணி.

அந்தச் சப்பாத்தைத்தான் அன்றைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவினேன். பெருவிரல் படும் இடத்தில் ஏதோ குத்தியது. விலைச்சீட்டைக் கோர்க்கும் பிளாஸ்டிக் நூலின் முனை, அரிசிமணி அளவுகூட இல்லை. அம்மாவோடு ஊருக்கு வந்திருந்த மகன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அதை மிதித்துக்கொண்டுதான் அம்மா கோலாலம்பூரின் பாதியைச் சுற்றியிருக்கிறார், ஊருக்கு வந்த பிறகும் எட்டு நாள் நடந்திருக்கிறார்.

சீனி பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் கால் நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். நைலான் இழை ஒன்றால் பாதத்தில் தொட்டுப் பார்ப்போம், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை. கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு ஐந்து விரலிலும் தெரியவில்லை. தனக்குத் தெரியவில்லை என்பதும் அதுவரை அவருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கோணேசர் கோயிலில் மத்தியான வெயிலில் கவனித்திருப்பீர்கள், கல் தரையில் எல்லாரும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். அந்த நேரம் ஒருவர் மட்டும் ஆறுதலாக நடந்து போனால் எனக்குப் பயம் வந்துவிடும். உள்ளங்காலெல்லாம் கொப்புளம் போட்டு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் போங்கள். அனுமதிக்கிற இடத்தில் காலுறையோடு நடவுங்கள். நேர்த்தியை வேறு விதமாகத் தீர்க்கலாம், முருகன் கோபிக்க மாட்டார்.

பயணத்துக்கென்று சப்பாத்து வாங்குவதானால் ஒரு மாதம் முந்தி, பின்னேரத்தில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. வீட்டுக்குள் தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள். போடுமுன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

சந்தைக்குள் சுற்றும்போது இன்னொரு ஆபத்து, சீனி இறங்குவது. இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், சாப்பாடு பிந்தி நிறைய நடந்தால் வியர்த்துக் கை நடுங்கும். கூட்டத்தில் அதை வெயில் களைப்பென்று நினைத்துவிடுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் மறுபடியும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று போகுமுன் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் உறைந்து கெட்டுவிடலாம்.

அப்புறம், இரவு. அறைக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வையுங்கள், அல்லது பிள்ளைகளிடம் காட்டுங்கள். மகனிடம் காலை நீட்ட வெட்கமாக இருந்ததாம் அந்த அம்மாவுக்கு. கொப்புளம் கண்டால் உடைக்காதீர்கள். சிவப்போ வீக்கமோ கசிவோ இருந்தால், நோகாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவருக்கு ஏழு வாரம் மருந்து கட்டினோம். விரல் தப்பியது. இப்போது மகன் இரவில் போனில் கூப்பிட்டால், முகத்துக்கு முன்னால் அம்மாவின் உள்ளங்கால்தான் திரையில் வருகிறதாம்.