வீட்டு வரிக்குக் கீழே இன்னொரு வரி

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரித் தொகைக்குக் கீழே நூலக வரி என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூலகத்துக்கென்று நூறு ரூபாய் சேர்த்துக் கட்டுகிறார். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நடக்கும் வசூல் இது. வலங்கைமானில் நூலகப் படியே ஏறாதவரும் கட்டத்தான் வேண்டும். கட்டிய காசுக்குப் படித்துவிடுவது நல்லது.

ஊர்ப்புற நூலகத்தில் கேட்ட புத்தகம் இல்லையென்றால் கைபேசியில் தேடலாம். கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி, 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் நூலகத்துக்குத் தனிச் செயலி உண்டு. மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. பதிவை உறுதிசெய்யும் இணைப்பு மின்னஞ்சலுக்கு வரும். காணவில்லையென்றால் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்: எல்லாப் புத்தகங்களையும் இந்தச் செயலியே வைத்திருப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்று காட்டி, பல நேரம் வேறு நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். அங்கே சந்தா கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

தமிழ் நூல்களுக்கு என் சிபாரிசு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம். அந்தப் பெயரைக் கைபேசி உலாவியில் தேடினாலே வந்துவிடும்; செயலியோ கடவுச்சொல்லோ தேவையில்லை. பழைய நூல்கள், இதழ்கள், அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள் என்பதால் டேட்டா நிறையச் செலவாகும். ஆனால் எழுபது தாண்டிய என் பெரியம்மாவுக்கு அதுவே வசதி. கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, இரண்டு விரலால் எழுத்தைச் சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கிறார். அச்சுப் புத்தகத்தில் அந்த வித்தை நடக்காது.

பிள்ளைகளுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா செயலி இருக்கிறது. வயதுவாரியாகப் பிரித்த கதைப் புத்தகங்கள், தமிழிலும் உண்டு.

இதற்கெல்லாம் பணம் கட்டச் சொல்லியோ ஓ.டி.பி. கேட்டோ யாராவது போனில் அழைத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னிலையில் 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்டது. புத்தகம் ஆளைத் தேடிப் போகும் அந்த ஏற்பாடு இன்னும் முடிந்துவிடவில்லை. கைபேசி பிடிபடாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் 'நூலக நண்பர்கள்' திட்டம் தமிழக அரசிடம் உண்டு. உங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள் என்று கிளை நூலகரிடம் கேளுங்கள். போகும்போது உறுப்பினர் அட்டையையும் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.