திருப்பணிக்கு முன் கோபுரத்து வௌவால்களைக் கவனியுங்கள்

தாமிரபரணிக் கரையின் பழங்கோயில்களில் கோபுர நிலைகளும் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களும் இலைமூக்கு வௌவால், கல்லறை வௌவால் போன்ற பூச்சியுண்ணிகளுக்கு வீடு. அவற்றின் ரோமத்துக்குள் சிலந்தி மாதிரி ஒன்று ஓடுவதைப் பார்த்ததும் மருந்தடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது இறக்கையில்லாத வௌவால் ஈ. வௌவால் ரத்தம்தான் அதற்கு உணவு. அது கிடைக்காவிட்டால் சில நாட்கள்கூடத் தாங்காது.

இந்த ஈ முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே புழுவை முழுதாக வளர்த்து, கீழிறங்கி வந்து சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பும். சுவரில் உடனே கூட்டுப்புழுவாகி, சில வாரம் கழித்து ஈ வெளிவரும். அடிக்கடி இடம் மாறும் வௌவால் இந்தச் சுழற்சியிலிருந்து தப்பிக்கிறது. கட்டடத்தில் ஆண்டுக்கணக்காக ஒரே மூலையில் தொங்கும் வௌவாலுக்கு, பக்கத்தில் இன்னொரு இருட்டறை திறந்திருந்தால்தான் அந்த வழி உண்டு. நாமோ ஒரு நிலையை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் கம்பிவலை அடிக்கிறோம். மொத்தக் கூட்டமும் ஓரிடத்தில் நெருங்க, ஈயும் சிறகுச் சவ்வில் ஒட்டும் சிற்றுண்ணியும் எளிதாகப் பரவுகின்றன.

வௌவாலிடம் உள்ள மருந்து கோதுவதுதான். பின்னங்கால் நகத்தால் ரோமத்தைச் சீவும். சவ்வை விரித்து நக்கும். பகலில் விளக்கு, வேட்டு, புகை என்று கலைத்துக்கொண்டே இருந்தால் கோதுவதற்கும் தூங்குவதற்கும் நேரம் இல்லாமல் போய்விடும். அழுத்தம் நீடித்தால் நோய் எதிர்ப்பும் குறையும். சூல்கொண்ட, பாலூட்டும் தாய்களுக்கு இது இன்னும் கடுமை. ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதால் இழப்பை ஈடுகட்டக் காலம் பிடிக்கும். பூச்சிமருந்து அடித்தால் நக்கும்போது அது நேராக வயிற்றுக்குள் போகிறது. தயவுசெய்து வேண்டாம்.

சாரம் கட்டுமுன் அந்தி சாய்ந்ததிலிருந்து ஒரு மணி நேரம் வெளியே நின்று எந்தத் துவாரத்தால் பறக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை போனபின் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி உள்ளே ஒரு நிமிடம் பாருங்கள். குட்டிகள் தொங்கினால், அவை தாமாகப் பறக்கும்வரை அந்த நிலையைத் தொடாதீர்கள். மற்ற நிலைகளில் வேலை நடக்கலாம். ஒரே நேரத்தில் எல்லா நிலைகளையும் அடைப்பதுதான் தவறு. சாரத்தில் கட்டும் பச்சை வலை துவாரத்தை மூடக் கூடாது, ஃப்ளட்லைட் அதன்மேல் விழக் கூடாது.

காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் பூஞ்சை வித்துகள் நுரையீரலுக்குள் போகலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.