கழுத்துல இருக்கிறது அழுக்கு இல்லைங்க

ஹட்டன் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல ஒன்பதாம் ஆண்டு படிக்கிற பிள்ளை ஒன்னு இருக்கு, ஞாயித்துக்கிழமை குளிச்சு வந்தா அழுதுகிட்டுதான் வரும், ஏன்னா அம்மா பீர்க்கங்கா நாரை வச்சு பின்கழுத்தைத் தேய் தேய்னு தேய்ப்பாங்க, தேசிக்காய் பூசியாச்சு, மஞ்சள் பூசியாச்சு, கறுப்பு மட்டும் போகல, தோல் எரிஞ்சதுதான் மிச்சம். கிட்டப் போய் பார்த்தா வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கறுத்திருக்கு, அக்குள்லயும் அப்படித்தான். பிள்ளை கொஞ்சம் பருமன். ஸ்கூல்ல "ஒழுங்கா குளிக்க மாட்டியா"ன்னு கேட்டிருக்காங்க. அதைக் கேள்விப்பட்ட நாள்ல இருந்து இதை எழுதணும்னு மனசுல கிடந்துச்சு.

அது அழுக்கு இல்ல. அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு அதுக்கு ஒரு பேர் இருக்கு. வேற காரணங்களாலயும் அபூர்வமா வரலாம், ஆனா எடை கூடின பிள்ளைங்க கழுத்துல வந்தா பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான், உடம்புக்குள்ள இன்சுலின் அளவுக்கு மீறி ஓடிக்கிட்டு இருக்கு.

நாம சாப்பிடுற சோறு, ரொட்டி, பாண், சீனி எல்லாம் கடைசியில குளுக்கோஸா ரத்தத்துக்கு வருது, கணையம் இன்சுலினை அனுப்புது, இன்சுலின் போய் தசைக்கும் கொழுப்புக்கும் "எடுத்துக்கோ"ன்னு சொல்லுது, ஈரல்கிட்ட "நீ இப்ப குளுக்கோஸ் செய்யாத"ன்னு சொல்லுது. சில உடம்புல இந்தப் பேச்சு சரியா எடுபடாது. அப்ப கணையம் என்ன பண்ணும், கூப்பிட்டா காதுல வாங்காத ஆள்கிட்ட சத்தத்தைக் கூட்டுறமாதிரி இன்னும் இன்சுலினை ஊத்தும். சீனி அளவு கட்டுக்குள்ள நிக்கும், ஆனா ரத்தத்துல இன்சுலின் ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு மிதக்கும், அது தோல் செல்லுல "வளரு"ங்கிற சேதியை வாங்குற ஏற்பிகளையும் போய்த் தூண்டிவிட, கழுத்துத் தோல் தடிச்சு கறுக்குது. அதனாலதான் "சுகர் பார்த்தோம், நோர்மல்னு சொல்லிட்டாங்க"ன்னு வீட்டுக்கு வந்து நிம்மதியா இருந்துடக் கூடாது. சுகர் நோர்மலா நிக்கிறதுக்கு அந்தக் கணையம் எவ்வளவு பாடுபடுதுன்னு அந்த ரிப்போர்ட்ல தெரியாது.

இதுல இன்னொரு விஷயம், பருவ வயசுல எல்லாப் பிள்ளைங்களுக்குமே வளர்ச்சி ஹோர்மோன் ஏறுறதால இன்சுலினோட வேலை சுமார் 30% குறையும், வளர்ச்சி முடிஞ்சா திரும்பி வந்துரும். எடை கூடின பிள்ளைக்கு ஏற்கனவே இருக்கிற பாரத்து மேல இதுவும் ஏறுது. 13, 14 வயசுல திடீர்னு கழுத்து கறுக்கிறதுக்கு இதுதான் காரணம். பொம்பளப் பிள்ளைங்கன்னா கூடின இன்சுலின் சூலகத்தையும் குழப்பும், மாசாமாசம் ஒழுங்கா வராது, தாடையில முடி வளரும், அதையும் வெக்கப்பட்டு மறைச்சுருவாங்க.

சரி, ஏன் பேச்சு எடுபடாம போகுது? நம்ம ஆளுங்களுக்குத் தேயிலை ஸ்டோரை வச்சு சொன்னா புரியும். கொழுந்து நல்லா வர்ற மாசத்துல வாட்டுற இடம் எல்லாம் நிறைஞ்சு போச்சுன்னா, மிச்சத்தை கிடைச்ச இடத்துல குவிப்பாங்க, குவிச்ச கொழுந்து உள்ளுக்குள்ள சூடேறி சிவந்து கெட்டுப்போகும். உடம்புல கொழுப்பு வைக்கிறதுக்குச் சரியான இடம் தோலுக்கு அடியில. அங்க வச்சிருக்கிற வரைக்கும் பெரிசா தொந்தரவு இல்ல. அந்த இடம் நிறைஞ்சதும் கொழுப்பு வயித்துக்குள்ள, ஈரல்ல, தசைக்குள்ளனு போய் குந்துது, அதுதான் இன்சுலின் சொல்ற சேதியைத் தடுக்கிறது. கொழுப்பு ஏறின ஈரல் ராத்திரி தூங்குற நேரத்துலயும் குளுக்கோஸை அவிழ்த்துவிடும், ட்ரைகிளிசரைட்ங்கிற கொழுப்பை ரத்தத்துல ஏத்தும், நல்ல கொலஸ்ட்ரோல்னு சொல்ற எச்.டி.எல். இறங்கும்.

அந்தத் தோலுக்கு அடியில இருக்கிற இடம் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லைங்கிறதுதான் நம்ம ஜனங்களுக்கு முக்கியம். பூனாவுல சித்தரஞ்சன் யாக்னிக்னு ஒரு டொக்டர், அங்க பிறந்த பிள்ளைகளை இங்கிலாந்துல சவுத்ஹாம்ப்டன்ல பிறந்த பிள்ளைகளோட ஒப்பிட்டு 2003ல எழுதினார். பூனா பிள்ளைங்க சராசரி 2.7 கிலோ, சவுத்ஹாம்ப்டன் பிள்ளைங்க 3.5 கிலோ. இவ்வளவு சின்னதா பிறந்தும் எங்க குறைஞ்சிருக்குன்னு பார்த்தா தசையிலயும் உறுப்புலயும்தான், கொழுப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. அடுத்த வருஷம் அவரும் ஜோன் யூட்கின்ங்கிற இங்கிலாந்து டொக்டரும் தங்களோட உடம்பையே அளந்து காட்டினாங்க, உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கிற பி.எம்.ஐ. ரெண்டு பேருக்கும் 22.3, ஆனா கொழுப்பு யூட்கினுக்கு 9.1%, யாக்னிக்குக்கு 21.2%. தராசு ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான் சொல்லுது.

இப்ப நம்ம மலையகத்தை நினைச்சுப் பாருங்க. 2016ல நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க 17%, தோட்டப்புறத்துல மட்டும் எடுத்தா 100க்கு 30க்கு மேல. கொழுந்துக் கூடையைச் சுமந்துகிட்டே மாசமா இருந்த அம்மா, ரத்தம் குறைஞ்ச அம்மா, சின்னதா பிறந்த பிள்ளை. வயித்துலயே பஞ்சத்தைப் பார்த்த உடம்பு கிடைக்கிறதைச் சேர்த்து வைக்கப் பழகிடுது, பிறகு நிறைய கிடைச்சா தடுமாறுதுன்னு 1992ல ஹேல்ஸ், பார்க்கர்னு ரெண்டு பேர் ஒரு கருத்தை வச்சாங்க. பட்டினியும் பருமனும் ரெண்டு வேற வேற வீட்டுக் கதைன்னு நினைக்கிறோம், ஆனா ஒரே லயத்துல, ஒரே பிள்ளையோட வாழ்க்கையிலயே ரெண்டும் அடுத்தடுத்து வருது.

அப்பாயி காலத்துலயும் கோதுமை மா ரொட்டிதான், சீனியை உள்ளங்கையில வச்சு நக்கிகிட்டு குடிச்ச சாயத்தண்ணிதான். ஆனா 15, 20 கிலோ கொழுந்தோட மலை ஏறி இறங்கினாங்க, எரிஞ்சு போச்சு. பேரப்பிள்ளைக்கு அதே ரொட்டி, அதே தேத்தண்ணி, அதோட சாயங்காலம் சூன் பாண் வண்டியில வர்ற கிரீம் பணிஸ், டவுன்ல டியூஷன் முடிஞ்சா ரோல்ஸும் சோடாவும், போக வர வேன், ஓ லெவல் முடியிற வரைக்கும் கதிரைய விட்டு எழும்பாத படிப்பு. யாரும் சோம்பேறி ஆகிடல, நாமதான் படி படின்னு உக்கார வச்சோம். தேத்தண்ணியை மட்டும் கணக்குப் பாருங்க, ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், கப்புக்கு மூணு கரண்டி, நாளைக்கு நாலு கப், அதுலயே 48 கிராம். பெரியவங்களுக்கே 50ஐத் தாண்ட வேணாம், 25க்குள்ள நின்னா இன்னும் நல்லம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சோடா போத்தல்ல ஒட்டியிருக்கிற சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் 2016ல நம்ம நாட்டுல கொண்டு வந்தது, சிவப்புன்னா 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி, அதைப் பார்த்து வாங்க பிள்ளைக்கே சொல்லிக் குடுக்கலாம்.

இதெல்லாம் நெஞ்சுக்கு எப்படிப் போகுதுன்னா, கூடின இன்சுலின் சிறுநீரகத்துல உப்பைப் பிடிச்சு வைக்கச் சொல்லுது, ப்ரெஷர் ஏறுது, இதயத்தோட இடது அறை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடிக்குது. கெட்ட கொலஸ்ட்ரோல் துகள் சின்னதா அடர்த்தியா மாறி ரத்தக்குழாய் சுவருக்குள்ள நுழையுது, வெள்ளை அணுக்கள் அதைத் தின்னு நுரை மாதிரி ஊதி அங்கேயே தங்கிடுது, மஞ்சள் கோடு விழுது. இது அம்பது வயசுக் கதை இல்ல. கொரிய யுத்தத்துல செத்த 300 அமெரிக்கச் சிப்பாய்களோட இதயத்தை அறுத்துப் பார்த்து 1953ல எழுதினாங்க, சராசரி வயசு 22, முக்கால்வாசிப் பேருக்கு மேல இதயக் குழாய்ல இந்த நோயோட அடையாளம் இருந்துச்சு.

பயமுறுத்த எழுதல, ஏன்னா இதுக்கு மறுபக்கமும் அளந்து பார்த்ததுதான். பின்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பிள்ளைங்க 6,328 பேரை சராசரி 23 வருஷம் பின்தொடர்ந்து 2011ல வெளியிட்டாங்க. சின்ன வயசுல எடை கூடியிருந்து பெரியாளானதும் பருமன் இல்லாம வந்தவங்களுக்கு சுகர், ப்ரெஷர், குழாய் தடிக்கிற ஆபத்தெல்லாம், ஒருநாளும் எடை கூடாதவங்க அளவுக்கே இறங்கியிருந்துச்சு. அந்த வயசு உடம்பு திரும்பி வரும்.

எப்படின்னா, தசைக்கு ஒரு குணம் இருக்கு, அது சுருங்கி விரியிறப்ப குளுக்கோஸ் உள்ள போற வாசலை இன்சுலின் இல்லாமலே தானா மேல கொண்டு வந்து திறக்கும், நடந்து முடிச்ச பிறகும் ஒரு நாள் அளவுக்கு இன்சுலின் பேச்சை நல்லா கேக்கும். எடை ஒரு கிலோ கூட குறையாட்டியும் இது நடக்கும். நாளைக்கு ஒரு மணி நேரம் உடம்பு அசையணும்ங்கிறாங்க, நமக்கு மைதானம் இல்ல, பாதி வருஷம் மழை, ஆனா மேடு இருக்கு, வேனை கீழ ரோட்டுலயே நிப்பாட்டி படியேறி வந்தா அதுவும் கணக்குதான். ராத்திரி ஃபோனை வச்சுட்டுத் தூங்குறதும் அதே மாதிரி வேலை செய்யும், தூக்கம் குறைஞ்சாலே இன்சுலின் மந்தமாகும். பட்டினி மட்டும் போடாதீங்க, வளர்ற பிள்ளை, பலருக்கு எடை அப்படியே நின்னு உயரம் ஏறினாலே போதும். ரொட்டியில ஒன்னைக் குறைச்சு பருப்பு, முட்டை, கீரையைக் கூட்டலாம்.

வீட்டுலயே பார்க்கணும்னா ஒரு நூலை எடுத்து பிள்ளையோட உயரத்துக்கு வெட்டி, ரெண்டா மடிச்சு இடுப்பைச் சுத்திப் பாருங்க. நுனி ரெண்டும் முட்டலைன்னா, கழுத்தும் கறுத்திருந்தா, டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ப்ரெஷர், சாப்பிடாம எடுக்கிற சுகர், கொலஸ்ட்ரோல், ஈரல் டெஸ்ட் நாலையும் கேளுங்க. 13 வயசுக்கு மேல ப்ரெஷர் 130க்கு 80ஐத் தொட்டா அது கூடதான், "சின்னப் பிள்ளைதானே"ன்னு விடாம மறுபடி மறுபடி அளக்கச் சொல்லுங்க. அந்தப் பீர்க்கங்கா நாரைத் தூக்கிப் போட்டுருங்க. இன்சுலின் இறங்க இறங்க கறுப்பு தானா வெளுக்கும், ஆனா மாசக் கணக்காகும், அதுவரைக்கும் அந்தப் பிள்ளைய யாரும் எதுவும் சொல்லாம இருக்கணும்.